இன்னர்கெஷ்லோஸ் பனியாற்றுப் பாதை: சிங்கப்பூரிலிருந்து நடக்கப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவில் பதினைந்து, இருபது பேர் இருக்கிறோம். மெக்ரிட்சி, புக்கிட் தீமா, பழைய ரயில் பாதை என்று நடந்துவிட்டுக் காப்பிக்கடையில் உட்காரும்போது பேச்சு எப்படியோ ஆல்ப்ஸ் பக்கம் போய்விடும். ஆஸ்திரியாவில் உள்ள இந்தப் பனியாற்றுப் பாதையில் நான் இரண்டு முறை நடந்திருக்கிறேன், 2014-இலும் 2023-இலும். அதைக் கேள்விப்பட்டவர்கள் வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு பதிலாக எழுதியவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். போகிறவர்கள் நல்லபடியாகப் போய் வர வேண்டும், போன இடத்தில் இருப்பதைக் கண்ணால் கண்டுவிட்டு வர வேண்டும் என்பதற்காகவே கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

இந்தப் பாதை சரியாக எங்கே இருக்கிறது?

ஆஸ்திரியாவின் கிழக்கு டிரோல் பகுதியில், மாட்ரெய் என்ற சிற்றூருக்கு வடக்கே, இன்னர்கெஷ்லோஸ் என்ற பள்ளத்தாக்கில். ஹோஹே டவர்ன் தேசியப் பூங்காவுக்குள் வருகிறது. ஆல்ப்ஸ் மலைகளிலேயே பெரிய பாதுகாக்கப்பட்ட பகுதி அதுதான். பரப்பு 1,856 சதுர கிலோமீட்டர், அதாவது சிங்கப்பூரைப்போல் இரண்டரை மடங்கு. பள்ளத்தாக்கின் கோடியில் க்ரோஸ்வெனெடிகர் என்ற 3,657 மீட்டர் சிகரம் வெள்ளையாக நிற்கும். அந்த மலையிலிருந்து இறங்கும் பனியாற்றின், அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டித் திரளின், பெயர் ஷ்லாட்டன்கேஸ். 'கேஸ்' என்பது அந்த வட்டாரத்தில் பனியாற்றுக்குச் சொல்லும் சொல். டிரோலின் மற்ற பக்கங்களில் 'ஃபெர்னர்' என்பார்கள். நம் ஊரில் குளம், ஏரி, கண்மாய் என்று இடத்துக்கு இடம் பெயர் மாறுவதில்லையா, அதுபோல.

'பனியாற்றுப் பாதை' என்றால் பனிக்கட்டிமேல் நடப்பதா?

இல்லை. பனிக்கட்டிமேல் கால் வைக்கவே கூடாது. பனியாறு உள்ளே வெடிப்பு விட்டிருக்கும், மேலே மெல்லிய பனி மூடியிருக்கும். கயிறு, வழிகாட்டி, பயிற்சி இல்லாமல் அதில் ஏறுவது உயிரோடு விளையாடுவது. இந்தப் பாதை பனியாறு இருந்த இடத்தின் ஊடே போகிறது.

அப்படியானால் அதில் என்ன விசேஷம்? வெறும் மலைப்பாதைதானே?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பதில் சொல்ல விரும்புகிறேன். இது பாடம் சொல்லும் பாதை. 1970களின் பிற்பகுதியில் ஆஸ்திரிய ஆல்பைன் சங்கம் என்ற மலையேற்றச் சங்கம் இதை அமைத்தது. வழியில் எண் போட்ட நிறுத்தங்கள் இருக்கும். அந்தந்த நிறுத்தத்தில் உங்கள் காலடியில் இருப்பது என்ன, அது எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

ஓர் இடத்தைச் சொல்கிறேன். மேலே ஏறிய பிறகு சாம்பல் நிறப் பாறை ஒன்று வழியோரம் படுத்திருக்கும், யானை முதுகு மாதிரி வழவழவென்று. குனிந்து உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஒரு திசையில் தடவினால் வழுக்கிக்கொண்டு போகும். குறுக்கே தடவினால் விரல் நுனியில் மெல்லிய கோடுகள் தட்டுப்படும். எல்லாக் கோடுகளும் ஒரே பக்கம் பார்த்தபடி இருக்கும். பனியாறு தன் அடியில் பதிந்திருந்த கற்களைக் கொண்டு, மேலே இருந்த பனியின் பாரம் முழுவதும் அழுத்த, பாறையை இழைத்துக்கொண்டே போன தடம் அது. தச்சர் இழைப்புளி போட்ட மரம்போல. கோடுகள் காட்டும் திசைதான் பனி நகர்ந்த திசை. 2014-இல் என் மகளுக்கு வயது பதினொன்று. அந்தப் பாறையில் கை வைத்தவள் பத்து நிமிடம் அங்கிருந்து நகரவில்லை.

அப்புறம் கல்மேடுகள். பனியாறு உருண்டைக் கல்லும் கூர்க்கல்லும் மண்ணும் கலந்து தள்ளிக்கொண்டு வந்து ஓரத்தில் விட்டுவிடும். பனி கரைந்த பிறகும் அந்த வரம்பு நிற்கும், வயல் வரப்புபோல, ஆனால் பல மாடி உயரத்துக்கு. 1850ஆம் ஆண்டு வாக்கில் ஆல்ப்ஸ் பனியாறுகள் கடைசியாகப் பெருத்திருந்தன. அப்போது விட்ட வரம்பின் மேலேயே இந்தப் பாதை போகிறது. வரம்புக்கு வெளிப்பக்கம் அடர்ந்த புல், ஆல்பைன் ரோஜாப் புதர். உள்பக்கம் வெறும் கல், அங்கொன்று இங்கொன்றாகச் செடி. கோடு போட்டதுபோல் பிரிந்து தெரியும். வெளிப்பக்க மண்ணுக்கு வயது ஆயிரக்கணக்கான ஆண்டு, உள்பக்கத்துக்கு அதிகம் போனால் நூற்றெழுபத்தைந்துதான். பனிக்கு அருகே போகப்போக நிலத்தின் வயது குறைந்துகொண்டே வருவதைச் செடிகளே காட்டிவிடும். முதலில் குட்டை வில்லோ, பிறகு பாசியும் சிறு பூக்களும், பிறகு ஒன்றுமே இல்லாத கல்.

இதைப் பார்க்காமல் நான்கு மணி நேரத்தில் சுற்றி முடித்துவிட்டேன் என்று வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

எவ்வளவு கடினம்? நேராகச் சொல்லுங்கள்.

நடுத்தரம் என்று அங்கே வகைப்படுத்தியிருக்கிறார்கள். ஆஸ்திரியாவில் மலைப்பாதைகளை நீலம், சிவப்பு, கறுப்பு என்று பிரிப்பார்கள். இது சிவப்பு. ஆனால் அந்த நடுத்தரம் மலையில் பிறந்து வளர்ந்தவர்களின் நடுத்தரம். நமக்கு அது கடினம்தான்.

பள்ளத்தாக்கின் உள்கோடியில் இருக்கும் வெனெடிகர்ஹவுஸ் விடுதி 1,691 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து 500 மீட்டருக்கும் மேல் ஏற வேண்டும், பிறகு அவ்வளவும் இறங்க வேண்டும். நம் புக்கிட் தீமாவைக் கடல்மட்டத்திலிருந்து அளந்தாலும் 164 மீட்டர்தான். 25 மாடி வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கின் படிகளில் ஏழு தடவை ஏறுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். அதுவும் சமமில்லாத படிகள், சில இடத்தில் ஈரம், சில இடத்தில் முழங்கால் உயரம்.

கைப்பிடிக் கம்பி கிடையாது என்பதை மனத்தில் போட்டுக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் எந்தப் பாதையில் சரிவு வந்தாலும் பலகையோ கம்பியோ படியோ இருக்கும். அந்தப் பழக்கம் கால்களுக்குள் ஊறியிருக்கிறது. அங்கே காலை எங்கே வைப்பது என்பதை ஒவ்வோர் அடிக்கும் நாமே பார்க்க வேண்டும்.

தேசிய சேவையில் 24 கிலோமீட்டர் நடந்தவன் நான். அது போதாதா அண்ணே?

பாரம் சுமக்கிற தெம்பும் மனவுறுதியும் நிச்சயம் கைகொடுக்கும். ஆனால் அந்த நடை பெரும்பாலும் சமதளம். இங்கே வேலை வைப்பது இறக்கம். இரண்டு மணி நேரம் தொடர்ந்து இறங்கும்போது தொடையின் முன்தசை ஒவ்வோர் அடிக்கும் உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அதற்குப் பழகாத கால் ஒரு மணி நேரத்தில் நடுங்க ஆரம்பித்துவிடும். விழுகிறவர்களில் பலர் ஏறும்போது விழுவதில்லை தம்பி, 'முடிந்துவிட்டது' என்று நினைத்து இறங்கும்போதுதான் விழுகிறார்கள்.

மலையே இல்லாத ஊரில் எப்படிப் பயிற்சி செய்வது?

படிக்கட்டு இருக்கிறதே, அது போதும். புறப்படுவதற்கு மூன்று மாதம் முன்பு ஆரம்பியுங்கள். வாரத்தில் இரண்டு நாள் உங்கள் புளோக்கிலேயே படியேறுங்கள். நிறையப் பேர் மேலே ஏறிவிட்டு மின்தூக்கியில் கீழே வருவார்கள். இந்தப் பாதைக்கு அது சரிப்படாது, இறங்கவும் படியில்தான் இறங்க வேண்டும். முதல் வாரம் ஒரே ஒரு சுற்று, பிறகு மெல்லக் கூட்டுங்கள். முழங்கால் வலி ஏற்கெனவே இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்து, ஆறு மணி நேரம் நடங்கள். மெக்ரிட்சி சுற்று, அதிலும் மழை பெய்த மறுநாள் நடப்பது நல்லது. ஈர வேர்களிலும் சேற்றிலும் கால் வைத்துப் பழகினால் ஈரப் பாறை அவ்வளவு பயமுறுத்தாது. புக்கிட் தீமாவில் தார்ச்சாலையை விட்டுவிட்டுப் படிகள் உள்ள பக்கம் ஏறுங்கள். பயணத்தில் தூக்கப்போகிற பையையே, அதே எடையோடு, தோளில் போட்டுக்கொள்ளுங்கள்.

எந்த மாதம் போவது? ஜூன் பள்ளி விடுமுறையில் போகலாமா?

பாதை ஜூலை முதல் செப்டம்பர் முடிய நன்றாக இருக்கும். நம் ஜூன் விடுமுறை கொஞ்சம் முந்திவிடுகிறது. அந்த மாதத்தில் மேலே பனித்திட்டுகள் கிடக்கும், பாதை அடையாளங்கள் அதன் அடியில் மறைந்திருக்கும், ஓடைகள் பெருகி ஓடும். ஜூன் கடைசி வாரம்தான் முடியும் என்றால், முதல் நாள் மாலை விடுதியில் பாதை நிலவரத்தைக் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

என்னைக் கேட்டால் செப்டம்பர் ஒரு வார விடுமுறை. நாள் குறைவுதான். ஆனால் மதிய இடிமழை ஜூலை, ஆகஸ்டைவிடக் குறைவு, கூட்டமும் இல்லை, புல் மஞ்சளாக மாறத் தொடங்கியிருக்கும். பூக்கள் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கு ஜூலை. தீபாவளி விடுமுறைக்குத் திட்டம் போடாதீர்கள், அதற்குள் அங்கே பனி விழ ஆரம்பித்துவிடும்.

சிங்கப்பூரிலிருந்து எப்படிப் போவது? விசா வேண்டுமா?

மியூனிக் வரை நேரடி விமானம் இருக்கிறது. அங்கிருந்து ரயிலில் கிட்ஸ்பியூல், பிறகு ஃபெல்பர்டவர்ன் சுரங்கம் வழியாக லியென்ட்ஸ் போகும் பேருந்து. நாளுக்குச் சில பேருந்துகள்தான் என்பதால் நேரத்தை முன்பே பார்த்து வையுங்கள். வாடகைக் கார் எடுத்தால் வசதி. நெடுஞ்சாலைக் கட்டணத்துக்காகக் கார்க் கண்ணாடியில் ஒட்டும் வில்லை வாங்க வேண்டும், சுரங்கத்துக்குத் தனிக் கட்டணம். அனைத்துலக ஓட்டுநர் அனுமதியைக் கையில் வைத்திருங்கள். பாதை தொடங்கும் இடம் மாட்ரெயர் டவர்ன்ஹவுஸ் என்ற மலைவிடுதி, உயரம் 1,512 மீட்டர்.

சிங்கப்பூர்க் கடப்பிதழ் உள்ளவர்களுக்கு 90 நாள் வரை ஷெங்கன் விசா தேவையில்லை. நிரந்தரவாசியாக இருந்தாலும் இந்தியக் கடப்பிதழ் என்றால் விசா கட்டாயம். குடும்பத்தில் பாதிப் பேருக்கு ஒரு கடப்பிதழ், மீதிப் பேருக்கு இன்னொன்று என்று இருக்கும் வீடுகள் நம்மிடையே நிறைய. அவர்கள் டிக்கெட்டுக்கு முன்னால் விசா தேதியைப் பார்த்துவிடுங்கள்.

ஓடுகிற ஷூ போதுமா?

போதாது. கணுக்காலைப் பிடிக்கும், அடிப்பாகம் கெட்டியான, பிடிப்புள்ள மலைநடைக் காலணி வேண்டும். இங்கேயே வாங்கி, குறைந்தது நான்கு வாரம் போட்டு நடந்து பழக்குங்கள்.

இதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, அதைப் பட்டுத் தெரிந்துகொண்டேன். 2023-இல் புதிதாக வாங்குவானேன் என்று 2014-இல் போட்ட காலணியையே எடுத்துக்கொண்டு போனேன். அலமாரியில் அட்டைப்பெட்டிக்குள் பத்திரமாக இருந்தது, பார்க்கப் புதிதுபோலத்தான் இருந்தது. செங்குத்தான ஏற்றத்தின் பாதியில் வலது காலில் ஏதோ தட்டுவதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தால் குதிகால் பக்கம் வாய் பிளந்திருக்கிறது. அடிப்பாகத்துக்கும் மேல் தோலுக்கும் நடுவிலிருந்த நுரை விரலால் தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது, பழைய ரொட்டித் துண்டுபோல. கொடிக்கயிற்றால் காலணியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு திரும்பி இறங்கினேன். வழக்கமாக முக்கால் மணியில் இறங்கிவிடும் தூரம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. மறுநாள் மாட்ரெயில் புதுக் காலணி வாங்கித்தான் பாதையை முடித்தேன்.

காரணம் இதுதான். பல காலணிகளின் நடு அடுக்கு பாலியூரித்தேன் நுரையால் ஆனது. காற்றின் ஈரப்பதம் அதை உள்ளிருந்தே சிதைக்கிறது. நம் ஊரின் புழுக்கத்தில் அது இன்னும் வேகமாக நடக்கும். போட்டு நடக்காமல் வைத்திருந்தாலும் தப்பாது. ஐந்தாறு வருடப் பழைய காலணி என்றால், புறப்படும் முன் ஒரு முழு நாள் இங்கேயே போட்டு நடந்து பாருங்கள், கட்டை விரலால் நடு அடுக்கை அழுத்திப் பாருங்கள். வெடிப்போ ஒட்டாத இடமோ தெரிந்தால் எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

வேறு என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

மழைச் சட்டை, கம்பளியோ செயற்கை இழையோ ஆன இரண்டு மேலடுக்கு, தொப்பி, மெல்லிய கையுறை. நூறு மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 0.6 டிகிரி குளிரும், ஆகஸ்டிலும் மேலே பனி தூறக்கூடும். உள்ளே பருத்திச் சட்டை வேண்டாம், வியர்வையில் நனைந்து காற்று அடிக்கும்போது உடம்பு வெடவெடத்துவிடும். வெயில் தோலைச் சுடும், களிம்பு பூசுங்கள், கறுப்புக் கண்ணாடி போடுங்கள். ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ரொக்கமாக யூரோ. மடக்கும் ஊன்றுகோல் இரண்டு. இளைஞர்களும் அதை வெட்கப்படாமல் எடுத்துக்கொள்ளுங்கள், இறக்கத்தில் முழங்காலுக்கு அது செய்கிற உதவி பெரிது.

பாதை எப்படிப் போகும் என்று கொஞ்சம் சொல்ல முடியுமா?

டவர்ன்ஹவுஸிலிருந்து வெனெடிகர்ஹவுஸ் வரை அகலமான பாதை, ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக ஆகும். இரண்டு சிறு மேய்ச்சல் குடியிருப்புகள் வரும். வெயிலில் கறுத்த மரவீடுகள், பெரும் பாறையைக் குடைந்தாற்போல் கட்டிய குட்டித் தேவாலயம். கோடையில் இந்தத் தூரத்துக்குக் குதிரை வண்டியும் சிறு சுற்றுலா ரயில் வண்டியும் ஓடுகின்றன. பலத்தை மேலே ஏறுவதற்கு வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் தாராளமாக அதில் போகலாம்.

பள்ளத்தாக்கு முடியும் இடத்தில் அருவி இரைச்சல் கேட்கும். அதன் ஓரமாகத்தான் ஏற்றம். இந்தப் பாதையின் கடினமான பகுதி இது: வளைந்து வளைந்து, அடுக்கிய கற்களில், மூச்சு வாங்க வைக்கும். மூக்கால் மூச்சுவிட்டுப் பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் சரியான வேகம். 'அகலக் கால் வைக்காதே' என்று பெரியவர்கள் எதற்கோ சொன்னது இங்கே அப்படியே பொருந்தும். சிறு அடி, முழுப் பாதமும் பதியட்டும்.

மேலே வந்ததும் நிலம் விரிந்து சால்ஸ்போடன் ஏரி தெரியும். அதற்கு அடுத்து 'கடவுளின் கண்' என்று பெயர் வைத்த சிறு குட்டை. முக்கோணமாக இருக்கும் தண்ணீர், நடுவே வட்டமாகப் பஞ்சுப்புல் திட்டு. காற்றில் அந்த வெள்ளைப் பஞ்சுகள் ஆடும்போது கண் இமைப்பதுபோலவே இருக்கும். கரை சதுப்பு, மிதித்தால் குழியாகி ஆண்டுக்கணக்கில் ஆறாது. படத்துக்காக இறங்காதீர்கள், பாதையில் நின்றே எடுங்கள்.

பிறகு நான் சொன்ன 1850 கல்வரம்பு, இழைத்த பாறைகள், பனியாறு தெரியும் இடம். ஓடையைப் பாலத்தில் கடந்து, மறுபக்கம் பிராகர் ஹ்யுட்டே மலைவிடுதியிலிருந்து வரும் பாதையில் சேர்ந்து இறங்க வேண்டும். ஓடைத் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுத்திருக்கும். பனியாறு அரைத்த பாறைமாவு அதில் மிதக்கிறது. ஒரு கண்ணாடிப் புட்டியில் பிடித்து அரை மணி வைத்திருந்தால் அடியில் படிவதைப் பார்க்கலாம். குடிக்க வேண்டாம்.

வழி தவறிவிட்டால்?

பாறைகளில் சிவப்பு-வெள்ளை-சிவப்புப் பட்டை தீட்டியிருப்பார்கள். ஐந்து நிமிடம் நடந்தும் ஒரு பட்டைகூடக் கண்ணில் படவில்லையென்றால் கடைசியாகப் பார்த்த பட்டைக்குத் திரும்புங்கள். வரைபடத்தைக் கைப்பேசியில் முன்பே இறக்கி வையுங்கள், மலை மறைத்தால் அலைவரிசை கிடைக்காது.

மஞ்சள் பலகையில் உள்ள நேரத்தை அப்படியே நம்ப வேண்டாம். மணிக்கு 300 மீட்டர் ஏற்றம், 500 மீட்டர் இறக்கம் என்ற கணக்கில், ஓய்வு சேர்க்காமல் எழுதுகிறார்கள். அதை ஒன்றரை மடங்காக்குங்கள், நிறுத்தங்களில் நின்று பார்க்க இன்னும் ஒரு மணி நேரம் சேருங்கள்.

மூன்று சொற்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 'கெஷ்பெர்ட்' என்றால் மூடப்பட்டது. 'ஷ்டைன்ஷ்லாக்' என்றால் கல் உருளும் இடம், அங்கே நிற்காமல் கடக்க வேண்டும். 'நூர் ஃப்யூர் கெயூப்டே' என்றால் பழகியவர்களுக்கு மட்டும்.

மழை, இடி வந்தால் என்ன செய்வது?

மின்னல் நமக்குப் புதிதில்லை. ராணுவ முகாமில் 'கேட் 1' என்று மின்னல் எச்சரிக்கை வந்ததும் எல்லாரும் கூரைக்குள் ஓடிய அனுபவம் பாதிப் பேருக்கு இருக்கும். அங்கே யாரும் அறிவிக்க மாட்டார்கள், மேகத்தைப் பார்த்து நாமே தீர்மானிக்க வேண்டும். கோடையில் இடி பெரும்பாலும் மதியத்துக்கு மேல் வரும். காலை எட்டு மணிக்குள் ஏறத் தொடங்கி, ஒரு மணிக்குள் கல்வரம்பை விட்டு இறங்கப் பாருங்கள். இடி கேட்டுவிட்டால் வரம்பின் உச்சி, தனி மரம், தண்ணீர் ஓரம் மூன்றையும் விட்டு விலகுங்கள். ஊன்றுகோலைத் தள்ளி வைத்துவிட்டு, கால்களைச் சேர்த்துக் குந்துங்கள்.

காலையிலேயே மழை என்றால் போகாதீர்கள். இவ்வளவு செலவு செய்து வந்துவிட்டோமே என்று தோன்றும். அதனால்தான் அந்த வட்டாரத்தில் குறைந்தது மூன்று இரவு தங்குங்கள் என்று எல்லாரிடமும் சொல்கிறேன்.

பனியாறு உருகிக்கொண்டே வருகிறது என்கிறார்களே, போனால் பார்க்க ஏதாவது இருக்குமா?

இருக்கும், ஆனால் தள்ளி. 1850 வாக்கில் ஷ்லாட்டன்கேஸ் பள்ளத்தாக்கின் அடிவரை இறங்கியிருந்தது. ஆல்பைன் சங்கம் ஆண்டுதோறும் ஆஸ்திரியப் பனியாறுகளின் முனையை அளக்கிறது. 2021-22 அளவீட்டு ஆண்டில் இந்த ஒரு பனியாறு 89.5 மீட்டர் பின்வாங்கியது. அந்த ஆண்டு அளந்தவற்றிலேயே அதுதான் அதிகம். அடுத்த ஆண்டு 92.8 மீட்டர். நம் புளோக்கின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து பாருங்கள், ஏறத்தாழ அவ்வளவு தூரம், ஒரே ஆண்டில்.

2014-இல் நான் எடுத்த ஒரு படத்தில் மகள் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருக்கிறாள், அவள் தோளுக்குப் பின்னால் பனியின் நீல விளிம்பு. 2023-இல் அதே பாறையைத் தேடிக் கண்டுபிடித்து, அதே கோணத்தில் அவளை உட்கார வைத்து எடுத்தேன். பின்னால் வழவழப்பான பழுப்புப் பாறை மட்டும். "அப்பா, கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்குங்க, இன்னும் மேலே" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

இதில் நமக்கு என்ன என்று குழுவில் ஒருவர் கேட்டார். உலகெங்கும் இப்படி உருகும் பனி கடலில்தான் சேர்கிறது. சிங்கப்பூர் நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு, சராசரிக் கடல்மட்டத்திலிருந்து ஐந்து மீட்டருக்கும் குறைவான உயரத்தில் இருக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட்டில் நின்றால் தெரியும் கடலும் அந்தப் பாறைமேல் காணாமல் போன பனியும் ஒரே கணக்கின் இரண்டு பக்கம்.

விலங்குகள் ஏதாவது தொந்தரவு செய்யுமா?

மாடுகள்தான். கன்றோடு இருக்கும் பசுவிடமிருந்து இருபது மீட்டராவது தள்ளிப் போங்கள், தடவிக் கொடுக்க நினைக்காதீர்கள். விசில் அடித்ததுபோல் கூர்மையான சத்தம் கேட்டால் அது மார்மோட், பெரிய அணில் வகை, தன் கூட்டத்தை எச்சரிக்கிறது. அசையாமல் நின்றால் பார்க்கலாம். வானத்தில் மிகப் பெரிய இறக்கையோடு ஏதாவது வட்டமிட்டால் தாடிக் கழுகாக இருக்கலாம். ஆல்ப்ஸில் முற்றாக அழிந்துபோன அந்தப் பறவையை 1986-இல் இந்த மலைத்தொடரின் வடபக்கத்தில்தான் மறுபடி பறக்கவிட்டார்கள்.

சைவச் சாப்பாடு கிடைக்குமா? இங்கிருந்து கட்டிக்கொண்டு போகலாமா?

கிடைக்கும். கிழக்கு டிரோலில் ஷ்லிப்ஃக்ராப்ஃபன் என்று ஒன்று செய்வார்கள். நம் சோமாசி வடிவம், உள்ளே உருளைக்கிழங்கு, மேலே உருக்கிய வெண்ணெய். பாலாடைக்கட்டி போட்ட ஷ்பெட்ஸ்லே, ஒரு பாஸ்தா வகை, வயிறு நிறையும், ஆனால் அதில் முட்டை உண்டு. 'ஷ்பெக்' என்பது புகையூட்டிய பன்றி இறைச்சி. சைவர்களும் முஸ்லிம் நண்பர்களும் அந்தச் சொல்லைச் சொல்லிக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். மேய்ச்சல் குடிசைகளில் மோர் கிடைக்கும், நடந்து இறங்கி வந்து ஒரு குவளை குடித்துப் பாருங்கள்.

இறைச்சியும் பால் பொருள்களும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுபோக அனுமதியில்லை. ஆகவே பால்கோவா, நெய் வேண்டாம். புளிக்காய்ச்சலுக்குத் தடையில்லை. சமையலறை உள்ள வீடாக எடுத்தால் காலையில் புளிச்சாதம் கலந்து எடுத்துக்கொண்டு போகலாம், நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

காப்புறுதி அவசியமா?

கட்டாயம். மலை மீட்பு எண் 140, ஐரோப்பியப் பொது எண் 112. ஹெலிகாப்டர் வந்தால் கட்டணம் நம் தலையில்தான் விழும். சாதாரணப் பயணக் காப்புறுதியில் மலை மீட்பு அடங்குமா, எத்தனை மீட்டர் உயரம்வரை என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கைப்பேசி எடுக்காத இடத்தில் சத்தத்தாலோ வெளிச்சத்தாலோ ஒரு நிமிடத்துக்கு ஆறு முறை சைகை காட்டி, ஒரு நிமிடம் நிறுத்தி, மறுபடி ஆறு முறை. பதிலுக்கு நிமிடத்துக்கு மூன்று முறை சைகை வந்தால் கேட்டுவிட்டது என்று அர்த்தம். ஒரு விசில் பையில் இருக்கட்டும்.

சிறு பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

பத்து வயதுக்கு மேல், நடந்து பழகிய பிள்ளை என்றால் அழைத்துப் போகலாம். தள்ளுவண்டியோடு பள்ளத்தாக்குப் பாதை வரைக்கும்தான்.

அம்மாவுக்கு எழுபது வயது. அவரை விட்டுவிட்டுப் போக மனமில்லை. என்ன செய்யலாம்?

அழைத்துக்கொண்டே போங்கள். 2023-இல் என் அம்மாவும் வந்தார், வயது 71, முழங்கால் சரியில்லை. சுற்றுலா வண்டியில் வெனெடிகர்ஹவுஸ் வரை வந்தார். காலணிக்குள் கம்பளிக் காலுறை, புடவைமேல் ஸ்வெட்டர், தலையில் என் தொப்பி. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தால் அருவியும் மலையும் அப்படியே எதிரே. தேவாலயம்வரை மெதுவாக நடந்து போய்விட்டு வந்து, மோர் வாங்கிக் குடித்து, உப்பு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டாராம்.

மேலே போகிறவர்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான்: திரும்பும் நேரத்தைத் துல்லியமாகச் சொல்லிவிட்டுப் போங்கள். 'மதியம்போல வந்துவிடுவோம்' என்பது கூடாது. நாங்கள் மூன்று மணி என்று சொன்னோம். நான்கரைவரை வராவிட்டால் விடுதிக்காரரிடம் காட்டும்படி, எங்கள் பெயர், சட்டை நிறம், போகும் பாதை, 140 என்ற எண், நான்கையும் ஜெர்மனில் எழுதிய தாளை அம்மாவின் கைப்பையில் வைத்தோம். இரண்டு ஐம்பதுக்கு நாங்கள் கடைசி வளைவில் இறங்கியபோது அந்தத் தாளைக் கையில் பிடித்தபடி அவர் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார்.